நார்த்தூள் போட்ட பாத்தியில் செடி ஏன் முரண்டு பிடிக்கிறது?

காவேரிப்பட்டணம், பாரூர், போச்சம்பள்ளிப் பக்கம் போனால் தென்னந்தோப்புக்கு நடுவே நார் மில்லும், மில்லுக்குப் பின்னால் வீட்டு உயரத்துக்குப் பழுப்புத் தூள் குவியலும் கண்ணில் படும். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கும் மெத்தைக்கும் நாரை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுகிற நார்த்தூள் அது. தன் எடையைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் காரிமங்கலம் பக்கத்துச் செம்மண்ணில் காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் எங்கே போனதென்றே தெரியாது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டுக் கடனாளியானவன் காதில் அந்த ‘எட்டு மடங்கு’ தேனாக விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. முதல் வருஷம் ஒரு டிராக்டர் லோடு மக்காத பச்சைத் தூளை வாங்கிவந்து கத்தரிப் பாத்தியில் நேராகக் கொட்டிக் கொத்திவிட்டேன். நாற்று நட்ட இருபதாம் நாள் பாத்தி முழுக்க மஞ்சள் தேய்த்துக் குளித்ததுபோல் நின்றது.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதும், கையில் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு “அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க” என்று வந்தவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பது. தருமபுரிக்காரர், கிருஷ்ணகிரிக்காரர் இருவருக்கும் பொருந்தும். 2004-ல் மாவட்டத்தைத்தான் பிரித்தார்கள், மண்ணையும் போர்த் தண்ணீரையும் பிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்த்தூள் உரம் இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே வேலை பிடித்துவைப்பது. தண்ணீரைப் பிடிக்கிற அதே கையால் உப்பையும் பிடிக்கும், செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தையும் பிடிக்கும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும், இது இப்போது எதைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற கேள்வியோடு ஆரம்பியுங்கள்.

கையில் இருப்பது எந்தத் தூள்?

அறிகுறிக்குப் போகுமுன் இது தெரியவேண்டும். மில்லில் இந்த வாரம் அரைத்து விழுந்த தூள் பச்சைத் தூள். வெளிர் பழுப்பாக, கையில் பிசுபிசுக்காமல், குட்டை நார் கலந்திருக்கும். வருஷக்கணக்கில் மழையில் நனைந்து கிடந்த குவியலின் தூள் கருத்துப்போயிருக்கும். உப்பில் பெரும்பகுதியை மழையே கழுவிக்கொண்டு போயிருக்கும். நான் மில்லுக்குப் போனால் புதுசைக் கேட்பதில்லை. “பழைய குவியல் எது, அதுல அடிப்பக்கம் வேண்டாம், நடுவுல அள்ளிக் குடுங்க” என்றுதான் கேட்பேன். அடியில் இறங்கிய உப்பும் மண்ணும் சேர்ந்திருக்கும். மேல்பரப்பிலோ காற்று கொண்டுவந்து போட்ட பார்த்தீனியம் விதை இருக்கும்.

மூன்றாவது, கடையில் கிடைக்கிற கட்டி. கோகோபீட் என்று விற்பது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை பொங்கும். அட்டையில் ‘கழுவியது’ என்று போட்டிருந்தாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். நான்காவது மக்கவைத்த தூள். கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். பாத்தியில் நேராகப் போட ஏற்றது இது ஒன்றுதான்.

விதை முளைக்கவில்லை, முளைத்ததும் இலை ஓரம் கருகுகிறது

குழித்தட்டில் போட்ட விதையில் பாதிகூட வரவில்லை, வந்த நாற்றுக்கும் இலை விளிம்பு தீய்ந்ததுபோல் சுருளுகிறது, பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் உப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

உறுதிசெய்ய வழி இருக்கிறது. ஈரமாக்கிய தூள் ஒரு டம்ளர், கேன் தண்ணீர் ஒன்றரை டம்ளர். இரண்டையும் கலந்து அரைமணி நேரம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள். குடிதண்ணீர் பார்க்க விற்கிற சின்ன மீட்டரே போதும். 250-க்குக் கீழே காட்டினால் நாற்றுக்கே போடலாம். 500-ஐத் தாண்டினால் கழுவாமல் தொடவேண்டாம். கேன் தண்ணீர் எதற்கென்றால், நம் போர்த் தண்ணீரே பல இடங்களில் எண்ணூறு, ஆயிரம் என்று காட்டும்; அதில் ஊறவைத்து அளந்தால் குற்றம் தூளுடையதா தண்ணீருடையதா என்று தெரியாமல் போகும்.

மீட்டர் இல்லாதவர்கள் பத்துப் பச்சைப்பயறை அந்தத் தூளிலும், இன்னொரு பத்தை ஈரத்துணியிலும் போட்டு வையுங்கள். நான்காம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீட்டரைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். முளை வந்து வேர்நுனி பழுத்து நின்றுபோயிருந்தால் உப்புதான்.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. டிரம்மில் தூளைப் போட்டு, மூழ்குமளவு தண்ணீர் விட்டு ஓரிரவு வைத்து, அடியில் ஓட்டை வழியாக முழுக்க வடியவிடுங்கள். மூன்று முறை. வடிக்காமல் மேலாக ஊற்றி ஊற்றி எடுப்பது கழுவுவது ஆகாது. உப்பு வெளியே போக வழி வேண்டும். அதிகத் தூள் இருந்தால் சரிவான பாறைமேலோ களத்திலோ ஓர் அடி உயரத்துக்குப் பரப்பிவிட்டு, புரட்டாசி ஐப்பசி மழைக்கு விட்டுவிடுவேன். அதைவிட மலிவான வேலையாள் கிடைக்கமாட்டான். வடிகிற கஷாயத் தண்ணீர் கிணற்றிலோ குட்டையிலோ விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டியது நம் பொறுப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்து இதைக் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊருக்கு வந்த தண்ணீர் அது. தயவுசெய்து வேண்டாம்.

மூன்று முறை கழுவியும் நாற்று கருகுகிறது என்றால் விஷயம் கொஞ்சம் ஆழம். சோடியமும் பொட்டாசியமும் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து கிடக்கும். இன்னொரு பங்கு தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியிருப்பதை வெறும் தண்ணீர் கிளப்பாது, கால்சியம் வந்துதான் இடம் பிடித்துத் தள்ளவேண்டும். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் என்பது நான் போடும் கணக்கு. அதைக் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிடுவேன். இதில் நமக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற கடினத் தண்ணீரில் கால்சியம் இருப்பதால் அந்த வேலையைக் கொஞ்சம் அதுவே செய்துவிடும். ஆனால் சப்பென்று உவர்க்கிற தண்ணீர் வேறு. அதில் இருப்பது சோடியம். அதில் எத்தனை முறை கழுவினாலும் அழுக்குத் துணியால் தரை துடைத்த கதைதான்.

செடி மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்று பார்க்காமல் உரக்கடைக்கு ஓடாதீர்கள். மூன்று விதமான மஞ்சள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

அடியிலை முழுக்க வெளிர்ந்து, அது மேலேறி, செடியே வளராமல் குச்சியாக நின்றால் தழைச்சத்து இல்லை. என் கத்தரிப் பாத்திக்கு வந்தது இதுதான். பச்சைத் தூளில் கரிமம் மலைபோல், தழைச்சத்து துளிபோல். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்கத் தழைச்சத்து வேண்டும். தூளில் இல்லாததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பந்தியில் நுண்ணுயிருக்குத்தான் முதல் இலை. செடி கடைசியில் உட்கார்ந்து வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உடனே காப்பாற்ற, ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கைப் பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை விடுங்கள். அவசரமென்றால் யூரியாவைக் கொஞ்சமாக, செடித்தண்டில் படாமல், ஈரத்தில் போடலாம். இரண்டு வாரத்தில் புதிய இலை பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி யூரியாவைக் கொட்டவேண்டாம்.

நிரந்தரத் தீர்வு மக்கவைத்துப் போடுவது. பல்கலைக்கழகம் சொல்கிற முறையில் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து ஐந்து புட்டி. நிழலான இடத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்து. மறுபடி 100 கிலோ தூள், அதன்மேல் ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்கவேண்டும். ஈரம் குறையாமல் தெளித்து, முப்பதாம் நாள் ஒருமுறை புரட்டிவிட்டால் அறுபது நாளில் கறுத்துவிடும். 112 பங்கு 24 பங்காக இறங்கும். நான் சாணிக்கரைசலை மட்டும் ஊற்றிப் பார்த்தேன், ஏழு மாதமாகியும் தூள் தூளாகவே இருந்தது. நாரில் இருக்கிற லிக்னின் என்கிற கெட்டிப் பொருளை உடைக்கக் காளான்தான் வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தது என் தப்பு.

இரண்டாவது மஞ்சள்: அடியிலையிலேயே, ஆனால் நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளாவது. தக்காளியில் பளிச்சென்று தெரியும். இது மக்னீசியக் குறை. தூளிலிருக்கும் பொட்டாசியம் மக்னீசியத்தை வேருக்குள் விடாமல் முட்டிக்கொண்டு நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட்டை மாலையில் இலையில் தெளித்தால் போதும். கால்சியம் நைட்ரேட்டையும் இதையும் ஒரே டேங்கில் கலந்துவிடாதீர்கள். கலங்கி ஜிப்சமாகப் படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, நுனி இலை மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாகத் தெரிவது. இரும்புச்சத்து. இதற்கும் தூளுக்கும் அதிகச் சம்பந்தமில்லை. நம் சுண்ணாம்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிட்டதன் விளைவு. தூள் போட்டதும் வந்ததால் தூள்மேல் பழி விழுகிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து தெளியுங்கள்.

மேலே காய்ந்து தெரிகிறது, தண்ணீர் விட்டால் இன்னும் வாடுகிறது

நார்த்தூளால் செத்த செடிகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாகவில்லை, மூழ்கித்தான் செத்தன. என்னிடம் வருகிறவர்களில் இந்தக் கோளாறோடு வருகிறவர்களே அதிகம். நம்பவைப்பதற்கு அதிகம் பேசவேண்டியிருப்பதும் இவர்களிடம்தான்.

நடப்பது இது. தூளின் மேல் அரை அங்குலம் வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெளிர்ந்துவிடும். காய்ந்த மண்ணைக் கண்டால் தண்ணீர் விடுவது நமக்குப் பழக்கம். செம்மண்ணில் அந்தப் பழக்கம் சரி, ஏனென்றால் மேலே காய்ந்தால் உள்ளேயும் காய்ந்திருக்கும். தூள் கலந்த மண்ணில் மேலே பொரிகடலைபோல் காய்ந்திருக்க, நாலு அங்குலம் கீழே பஞ்சுபோல் சொதசொதவென்றிருக்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர் தண்ணீரை இழுக்காது. செடி வாடும். வாடுவதைக் கண்டு நாம் இன்னொரு குடம் ஊற்றுவோம்.

பக்கத்து வீட்டு அத்தை மாடியில் முப்பது பையில் தக்காளி வைத்திருந்தார். சித்திரை வெயில் என்று காலையும் மாலையும் தண்ணீர். “தம்பி, ரெண்டு வேளை ஊத்தியும் மத்தியானம் தலை தொங்கிப்போகுது, மூணு வேளையா ஊத்தட்டா?” என்றார். ஒரு பையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவரால் அசைக்கவே முடியவில்லை. ஒரு செடியைப் பிடுங்கினோம். வேர் வெள்ளையாக இல்லை. பழுப்பாக, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்தது. வாடையும் அடித்தது. மூன்று நாள் தண்ணீரே காட்டவேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடியில் ஓட்டை போடாமலே பைகளை வைத்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓட்டை குத்தி, செங்கல் மேல் தூக்கிவைத்து, நான்காம் நாளிலிருந்து காலையில் மட்டும் விட்டார். முப்பதில் இருபத்திரண்டு பிழைத்தது.

சோதனை மூன்று. சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை இறக்குங்கள், அங்கே குளிர்ச்சி தெரிந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். அந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரியான ஈரம், விரலிடுக்கில் ஓடினால் அதிகம், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால்தான் தண்ணீர் கேட்கிறது. பையாக இருந்தால் தூக்கிப் பார்ப்பதே போதும். நாலு நாள் தூக்கிப் பழகினால் கைக்கே கணக்கு வந்துவிடும்.

கலவையும் பார்க்கவேண்டும். பைக்கு நான் கலப்பது செம்மண் ஒரு சட்டி, தூள் ஒரு சட்டி, மக்கிய தொழு உரம் ஒரு சட்டி. சரளை கலந்த செம்மண் நிலத்தில் நடவுக் குழிக்கு நாலில் ஒரு பங்கு தூள். ஏரிக்குக் கீழே இருக்கிற களிமண் வயலில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்த மண்ணே தண்ணீரை விடாது, அதற்குள் தூளையும் திணித்தால் மழைக்காலத்தில் ஊறுகாய்ப் பானைதான். அங்கே பார் உயர்த்திக் கட்டி, தூளைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நியாயமாகச் சொன்னால் அங்கே தூளே தேவையில்லை.

நாற்றங்காலில் இதே அதிக ஈரம் நாற்றழுகலாக வரும். முந்தின நாள் நின்ற நாற்று மறுநாள் காலை மண்ணை ஒட்டி நூலாக இளைத்து விழுந்து கிடக்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முளைக்கவைத்தபின் பிரிக்க ஒரு நாள் தாமதித்தாலும் வரும். விழுந்தது போனதுதான். மிச்சத்துக்கு லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றி, தண்ணீரைக் குறையுங்கள். அடுத்த முறை கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சையைக் கலந்து விதையுங்கள்.

தண்ணீர் விட்டதும் பையின் ஓரமாக ஓடிவிடுகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஒரு கல்யாணம் காட்சி என்று நாலு நாள் ஊருக்குப் போய்வந்தால் தூள் எலும்பாகக் காய்ந்து சுருங்கி, பைக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அதன் வழியே கீழே ஓடிவிடும். அடியில் வடிவதைக் கண்டு ‘நிறைந்துவிட்டது’ என்று நினைப்போம், வேர்ப்பகுதி பொட்டுத் தண்ணீர் பார்த்திருக்காது.

மேல்மண்ணைக் குச்சியால் கிளறி இடைவெளியை மூடுங்கள். ஒரு சொம்பு விட்டு, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு சொம்பு, மறுபடி இன்னொன்று. சின்ன பையென்றால் தண்ணீர் நிறைந்த அன்னக்கூடையில் அரைமணி நேரம் உட்காரவைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடலாம். நிலத்தில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக வராது.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழுகிறது

காய் பாதி வளர்ந்தபின், காம்புக்கு எதிர்ப்பக்கம், தோல்போல் கறுத்துத் தட்டையாகும். பூச்சி என்று மருந்தடிப்பார்கள். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. காய்நுனிக்குக் கால்சியம் போய்ச்சேரவில்லை. கால்சியம் தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யும். ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் காட்டினால் வழியிலேயே நின்றுவிடும். கழுவாத தூளின் பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்து வேர்வாசலில் அதைத் தடுக்கும்.

பாலக்கோட்டு மண்டிக்கும் ராயக்கோட்டை மண்டிக்கும் காய் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தக் கறுப்பின் விலை தெரியும். கூடைக்கு நாலு தெரிந்தாலே வியாபாரி கூடையைத் தள்ளிவைத்துவிடுவார். இலைமேல் கால்சியம் தெளிப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. இலையில் விழுந்தது காய்க்கு அதிகம் நகராது. தண்ணீரைச் சீராக்குவதுதான் மருந்து. தினம் ஒரே நேரம், ஒரே அளவு, மேலே மல்ச்சிங் ஷீட்டோ காய்ந்த சருகோ. நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. கறுத்த காய்களைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

காளான், வெள்ளைப் பூசணம், குட்டி ஈ

காளான் முளைத்தால் பயப்படவேண்டாம், தூள் மக்குகிறது என்று அர்த்தம். கிள்ளிப் போடுங்கள், சமைக்காதீர்கள். வெள்ளை நூல்போல் படர்வதும் அப்படித்தான். பையைத் தட்டினால் கறுப்பாகக் குட்டி ஈ கிளம்பினால் ஈரம் அதிகம். மேல் ஒரு அங்குலம் காயவிட்டு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு தூவி, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று குத்திவையுங்கள். பையிலிருந்து டீ டிகாக்ஷன் மாதிரி வடிகிறதே என்று கேட்பார்கள். அது நாரின் துவர்ப்புச் சாறு, நாலைந்து தண்ணீருக்குள் தெளிந்துவிடும். மாடித்தரையில் கறை விழும், அதற்கு வீட்டில் வாங்கும் திட்டுக்கு என்னிடம் மருந்தில்லை.

மூடாக்குப் போட்ட தூள் காணாமல் போகிறது

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது நார்த்தூள் எம்மாத்திரம். காய்ந்த தூளை மேலே தனியாகத் தூவினால் பக்கத்துக் காட்டுக்குத்தான் மூடாக்கு. மண்ணோடு கிளறிவிடுங்கள், அல்லது நனைத்துப் போட்டு அதன்மேல் சருகோ கரும்புத்தோகையோ பரப்புங்கள். காய்ந்த குவியலருகே பீடி, குப்பை நெருப்பு வேண்டாம். தூளில் பிடித்த தீ மேலே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும்.

ஏக்கர் கணக்கில் போட்டேன், வித்தியாசமே தெரியவில்லை

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட்டில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பவே ஏறக்குறைய 1000 லிட்டர் தூள் வேண்டும். ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். இரண்டு டிராக்டர் லோடை ஒரு ஏக்கரில் இறைத்துவிட்டு ஈரம் நிற்கவில்லை என்றால் தூள் என்ன செய்யும்? சாம்பாரில் போட்ட பெருங்காயமா அது, சிட்டிகையில் வேலை செய்ய? அதே தூளை நடவுக் குழியில் அரை லிட்டர் வீதம் வைத்தால், ஏக்கருக்கு 6000 செடி என்று வைத்தாலும் 3000 லிட்டரில் முடிந்துவிடும். வேர் இருக்கிற இடத்தில் ஈரம் இருந்தால் போதாதா?

பீர்க்கு, சுரை, புடலைக்கு எனக்குத் தூளைவிட முழு மட்டைதான் பிடிக்கும். ஒன்றரை அடிக் குழியின் அடியில் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்கி, மேலே தொழு உரமும் மண்ணும் போட்டு மூடுகிறேன். ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம். தென்னைக்கு வெகுகாலமாகச் செய்கிற மட்டைப் புதைப்பை அப்படியே காய்கறிக் குழிக்குக் கொண்டுவந்ததுதான். காசும் இல்லை, கழுவுகிற வேலையும் குறைவு. சித்திரையில் தூள் குழியைவிட ஒருநாள் அதிகம் தாங்குகிறது. என் காட்டில் பார்த்தது அப்படி, களிமண்காரர்கள் முதலில் இரண்டு குழியில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷப் பையில் இந்த வருஷம் செடி தேறவில்லை

பை பாதியாக இறங்கியிருக்கும். கரைந்தது தூள் அல்ல, அது எளிதில் மக்காது. போனது தொழு உரம். கொட்டிக் கிளறி, பழைய வேரைப் பொறுக்கி, போர்த் தண்ணீரின் உப்பு சேர்ந்திருக்குமாதலால் இரண்டு முறை வடியவிட்டு, இறங்கிய அளவுக்குத் தொழு உரம் சேர்த்து நிரப்பினால் மறுபடி ஓடும். அதற்குமுன் அந்த வேரைக் கொஞ்சம் கவனியுங்கள். மணிமணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. அந்தத் தூளைத் தக்காளி, கத்தரி, வெண்டைக்கு மறுபடி காட்டாதீர்கள், நாற்றங்கால் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கறுப்பு பாலித்தீன் விரிப்பில் மெல்லப் பரப்பி, நனைத்து, மேலே கண்ணாடிபோன்ற பாலித்தீனால் மூடி, சித்திரை வைகாசி வெயிலில் ஆறு வாரம் வேகவிட்டபின் சாமந்திக்குப் போட்டுக்கொள்ளலாம்.